விளிம்பில் மிஞ்சிய கறுப்பு

சீதேவிப்பிள்ளை யாரையும் இலேசில் நம்புகிறவள் அல்ல. மருந்துக்கடையில் குளிசை வாங்கினால் வாசற்படியில் நின்றே பொதியைப் பிரித்து எண்ணுவாள். நோயாளி "வலி இல்லை" என்று சொன்னால் போர்வையைத் தூக்கிக் குதிகாலைப் பார்ப்பாள். முப்பது வருடம் மற்றவர்கள் வீட்டில், படுக்கையில் கிடந்தவர்களைக் கழுவித் துடைத்துப் பிழைத்தவள். அந்தக் குணம் மட்டும் இல்லாதிருந்தால் அவள் பார்த்தவர்களில் பாதிப்பேர் புண் வைத்தே போயிருப்பார்கள்.

ஆனால் தன்னையும் ஒருவர் சந்தேகிக்கக்கூடும் என்பது மட்டும் அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அது நடந்தது இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு வைகாசியில், யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆன கையோடு, களுவாஞ்சிக்குடியில் கனகசிங்கம் வீட்டில்.

கனகசிங்கம் நீர்ப்பாசனப் பகுதியில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். எந்த வயல்வட்டைக்கு எத்தனை மணிக்கு வாய்க்கால் கதவு திறப்பது என்பது அவர் வாயில் இருந்தது. அவருடைய கைமணிக்கூட்டைப் பார்த்துத்தான் வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கத்தில் வயலை மேற்பார்க்கிற வட்டை விதானைமார் தங்கள் மணிக்கூடுகளைத் திருப்பிவைப்பார்கள். கறுப்பு முகமும் பச்சைப் புள்ளிகளுமாக, எழுபத்தொன்றில் கொழும்பில் வாங்கிய சுவிஸ் மணிக்கூடு அது. இரண்டாயிரத்து இரண்டில் பாரிசவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போயின. மனைவி அதற்கு முன்பே போய்ச்சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் உதயரூபன் எண்பத்தைந்திலிருந்து கனடாவில். அவன் ஆள்வைத்துத் தேடிப் பிடித்தவள்தான் சீதேவிப்பிள்ளை.

அவளுக்குப் புருசன் தொண்ணூறில் இல்லாமல் போனான். பிள்ளை இல்லை. மட்டக்களப்பில் பாதிரிமார் நடத்திய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு மாதம் பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள். அதில் கிடைத்த சான்றிதழைக் கறையான் தின்றுவிட்டது. அதற்காக அவள் கவலைப்படவில்லை. அவளை வேலைக்குக் கூப்பிட்ட யாரும் சான்றிதழைக் கேட்டதில்லை. "சீதேவியிட கையில அலுமாரித் திறப்பக் குடுத்துட்டு வெளிநாடு போகலாம்" என்று ஊர் சொன்னதைக் கேட்டே கூப்பிட்டார்கள். அந்தச் சொல்தான் அவளுடைய சோறு.

வந்த முதல் நாளே அவள் மணிக்கூட்டை அலுமாரியிலிருந்து எடுத்து வெளியில் வைத்தாள். நாடி பிடிக்க நொடி முள் வேண்டும். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்பவும் நேரம் வேண்டும். அதைக் கண்டதும் கனகசிங்கத்தின் கண் அதிலேயே நின்றது. கட்டிலுக்கு நேரே இருந்த கிழக்கு யன்னலின் பக்கச் சட்டத்தில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டினாள். மனிதர் நாள் முழுக்க முள்ளோடு கூடவே ஓடிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவருடைய கத்தல் நின்றது, கஞ்சி இறங்கியது. அவளுக்கு அவ்வளவு போதும்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் நாடி பிடித்த கையோடு மணிக்கூட்டைத் தன் மணிக்கட்டில் கட்டியிருந்தாள். வீடு கடலிலிருந்து மூன்றாவது தெரு. தண்ணீர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து இடுப்புக்கு ஏறியபோது ஸ்பொஞ்ச் மெத்தை ஆளோடு மிதந்தது. சேலையை அவிழ்த்து மெத்தையை யன்னல் கம்பியோடு கட்டினாள். தண்ணீர் வடியும் வரைக்கும் அவருடைய தாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு யாரோ வந்து பாவாடையோடு நின்றவளுக்குச் சுற்றிக்கொள்ளச் சாரம் ஒன்று கொடுத்தார்கள்.

மணிக்கூடு ஒன்பது பத்தில் நின்றுவிட்டது. ஊர்க் கிணறெல்லாம் உப்பு. பள்ளிக்கூட முகாமில் குடிக்கக் கொடுத்த போத்தல் தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி அதற்குள் மணிக்கூட்டைப் போட்டாள். உப்பை உடனே கழுவிவிட வேண்டும் என்பது ஆஸ்பத்திரியில் படித்த பாடம். "புள்ளைகள் தண்ணிக்கு அழுவுது, இவ மணிக்கூட்டக் குளிப்பாட்டுறா" என்று நாலுபேர் ஏசினார்கள். அது தன்னுடைய பங்குத் தண்ணீர் என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

இரண்டு கிழமை கழித்து, வீதி திறந்ததும், காத்தான்குடியில் மணிக்கூடு திருத்துகிற முத்தலிப்பிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பத்தொன்பது நாள் கழித்து ஓடுகிற மணிக்கூடாகத் திரும்பிவந்தது. மறுபடியும் அதே ஆணி. அந்த ஆணியில் தொங்கியபடியே அது மீதி யுத்தத்தையும் பார்த்தது. படுவான்கரையிலிருந்து சனம் வாவி கடந்து ஓடிவந்த வருடம், செல் சத்தத்தில் யன்னல் கண்ணாடி நொறுங்கிய வருடம், எல்லாம். அவள் இரண்டு மணிக்கொருதரம் ஆளைத் திருப்பினாள். எட்டு வருடத்தில் கனகசிங்கத்தின் முதுகில் ஒரு புண் வரவில்லை.

அந்த வைகாசியில் அம்மன் கோயில் சடங்குக்காக உதயரூபன் மனைவி தக்ஷாயினியோடு கனடாவிலிருந்து வந்தான். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு வந்தவன் தகப்பனின் காலடியில் குந்தி அழுதான். மூன்றாம் நாள் கேட்டான்.

"சீதேவியக்கா, அப்பாட மணிக்கூடு எங்க?"

"இந்தா, கண்ணுக்கு முன்னால தொங்குது."

"இது இல்ல. அப்பாட மணிக்கூடு கறுப்பு."

"இதுதான் தம்பி அது."

உதயரூபன் பெட்டியிலிருந்து ஒரு படத்தை எடுத்துவந்தான். எண்பத்தைந்தில் விமான நிலையத்தில் எடுத்தது. தகப்பன் மகனின் தோளில் கைபோட்டு நிற்கிறார். மணிக்கட்டில் மணிக்கூடு. அதன் முகம் சட்டி அடியைப் போன்ற கறுப்பு. ஆணியில் தொங்கியதோ கடும் தேத்தண்ணீர் நிறம். பச்சைப் புள்ளிகளும் மஞ்சள் பற்றிப் பழைய பல்லைப் போல இருந்தன.

"கறுப்பு எப்பிடி அக்கா பழுப்பாகும்? வெள்ளை பழுப்பாகும், சரி. கறுப்பு?"

சீதேவிப்பிள்ளை படத்தைப் பார்த்தாள். ஆணியைப் பார்த்தாள். வந்த நாளில் அது கறுப்பாகத்தான் இருந்தது, அவளே கண்டிருக்கிறாள். எப்போது மாறியது? தினம் பார்க்கிறவளுக்கு நோயாளி மெலிவது தெரியாது. அதற்காகத்தான் கிழமைக்கு ஒருக்கால் எடை போடச் சொல்வார்கள். மணிக்கூட்டுக்கு யார் எடை போட்டது?

அவள் அப்படி மாறி மாறிப் பார்த்ததைத்தான் உதயரூபன் பிடித்துக்கொண்டான். பக்கத்து வீட்டு நல்லரத்தினத்தைக் கூட்டிவந்தான். அவர் கோயில் வண்ணக்கர். சாவிக்கொத்தும் கணக்கும் அவர் கையில். ஊரில் எது நடந்தாலும் அவர் ஒரு கருத்து வைத்திருப்பார்.

"கையில கட்டிக்கிட்டுத் திரிஞ்சத நானும் கண்டிரிக்கன்" என்றார் நல்லரத்தினம்.

"நாடி பிடிக்கக் கட்டினன். வேறென்ன, கலியாணத்துக்கா கட்டிப் போனன்?"

"கோபப்படாதகா. நான் கண்டதத்தான் சொல்றன். வழி ஒண்டு இரிக்கு. சடங்கு முடியிற குளிர்த்திக்கு இன்னும் நாலு நாள். அம்மன்ட வாசல்ல கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டாப் போச்சு. ஆரும் மறுகா வாய் திறக்க ஏலா."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது அந்தப் பக்கத்து வழக்கம். காணிச் சண்டையிலிருந்து கோழிக் களவு வரைக்கும் அங்கேதான் போய் முடியும். சத்தியம் செய்தால் வழக்கு முடிந்தது. பொய்ச் சத்தியமென்றால் மிச்சத்தை அம்மன் பார்த்துக்கொள்வாள்.

"மாட்டன்" என்றாள் சீதேவிப்பிள்ளை.

நல்லரத்தினத்தின் புருவம் ஏறியது. "கள்ளமில்லாதவளுக்குக் கற்பூரம் சுடாதுகா."

"சுடும் வண்ணக்கர். நெருப்பு எல்லாரையும் சுடும். இந்தக் கோயிலில கற்பூரம் அணைச்ச எத்தின கைக்கு நான் மருந்து கட்டியிரிக்கன் தெரியுமா? எனக்கு அறுவத்தொரு வயசு. சீனி வருத்தம் இரிக்கு. அடுத்த மாசம் கால்ல ஒரு புண் வந்தா, அம்மன் கேட்டுட்டா எண்டு ஊர் சொல்லும். புண்ணுக்குக் காரணம் சீனி எண்டு நீங்க வந்து சொல்லுவீங்களா?"

நல்லரத்தினம் வாயை மூடினார். ஆனால் வெளியே போய்த் திறந்தார். அடுத்த நாள் விடிவதற்குள் "சீதேவி சத்தியம் பண்ணப் பயந்திட்டா" என்ற பேச்சு குடத்துத் தண்ணீரோடு வீடு வீடாகப் போனது. மூன்றாம் நாள், படுக்கையில் கிடந்த தங்கள் தாயையும் இடைக்கிடை வந்து பார்க்கும்படி முன்பே கேட்டிருந்த குருமண்வெளிக் குடும்பம், "இப்ப வேணாமாம்" என்று ஆள் அனுப்பியது. தக்ஷாயினி தன் கைப்பையை அறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினாள். சீதேவிப்பிள்ளை அந்தக் கதவுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கனகசிங்கத்தை வலப்பக்கம் திருப்பினாள். அறுபத்தொரு வயதில், பெயர் போனவளை எந்த வீட்டுக்குள் விடுவார்கள்?

சந்தேகம் சொறியைப் போல. தொட்ட கைக்கும் ஒட்டும். அன்று பகல் முழுக்க அவள் மனதில் அந்தப் பத்தொன்பது நாள் ஓடியது. மணிக்கூடு அவள் கண்ணுக்கு மறைந்து இருந்தது அந்தப் பத்தொன்பது நாளும்தான். அது திரும்பிவந்தபோது முகம் என்ன நிறம்? நினைவில்லை. அந்த நாட்களில் சனம் பிரேத நிறம் பார்த்துக்கொண்டிருந்தது. மணிக்கூட்டு நிறம் யார் பார்த்தது? முத்தலிப் நல்ல முகத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வேறு எங்கோ கிடந்த ஒரு பழுப்பைப் போட்டுத் தந்திருந்தால்? அவரிடம் போனால் அவள் பெயர் தப்பும், அல்லது அங்கேயே முடியும்.

மறுநாள் காலை அவள் உதயரூபனின் முன்னால் ஒரு கடித உறையை வைத்தாள்.

"மணிக்கூட்ட இதுக்குள்ள போட்டு ஒட்டுங்க. வண்ணக்கர்ட கையில குடுங்க. மூண்டு பேரும் காத்தான்குடிக்குப் போவம். திறந்து பார்த்தாத் தெரியும்."

"நீங்க போய்க் கேட்டுட்டு வாங்கவன்."

"நான் தனியப் போனா, ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டம் எண்டு சொல்லுவீங்க. வாங்க." தக்ஷாயினியிடம் திரும்பினாள். "புள்ள, பத்து மணிக்கு இடப்பக்கம். முழங்காலுக்கு இடையில தலையணை. மறந்திராத."

பஸ்ஸில் அவள் வேண்டுமென்றே இரண்டு ஆசனம் தள்ளி இருந்தாள். நல்லரத்தினம் உறையை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்திருந்தார்.

முத்தலிப்பின் கடை ஓர் ஆள் அகலம். கண்ணாடிப் பெட்டி போட்ட மேசைக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"சுனாமிக்குப் பொறகு நான் கொண்டுவந்து தந்த மணிக்கூடு" என்றாள்.

"சுனாமி மணிக்கூடு எண்டா என்னட்ட ஒரு சாக்கு வந்திச்சி அக்கா. எதெண்டு சொல்ல?"

உறையைப் பிரித்துக் கொடுத்தார்கள். முத்தலிப் கண்ணில் பூதக்கண்ணாடிக் குழாயைச் செருகிக்கொண்டு பின்மூடியைத் திருகித் திறந்தார். மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் கீறிய சின்னச் சின்ன எழுத்துகள்.

"ஆ. இது எங்கட வாப்பாட கை. எழுவத்தெட்டு, நாலாம் மாசம். இது என்ட. அஞ்சாம் வருசம், ஒண்டாம் மாசம். திறக்கிற மணிக்கூடு ஒவ்வொண்டிலயும் கீறிவெப்பம். பொறகு ஆரும் வந்து வழக்குப் பேசக்கூடாதே."

"மூடி எங்கடதான்" என்றான் உதயரூபன். "முகத்த மாத்தியிரிக்கலாம்தானே. நீங்களே மாத்தியிரிக்கலாம்."

முத்தலிப் கண்ணிலிருந்து குழாயை எடுத்து மேசையில் வைத்தார்.

"தம்பி, கனடாவில கடைக்காரனுக்கும் முகத்துக்கு நேர இப்பிடித்தான் சொல்லுவீங்களா?"

"நான் கேட்கத்தான் செய்தன்."

"கேட்டுட்டீங்க. இனிப் பார்த்துட்டுத்தான் போகணும்."

அவர் மணிக்கூட்டைப் பிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைப் பிடித்திருந்த உலோக வளையத்தை மெல்ல நெம்பி எடுத்தார். முள்ளைக் கழற்றினார். முகம் ஒரு சின்னத் தட்டைப் போல மேசையின் வெள்ளைத் துணிமேல் கிடந்தது. முத்தலிப் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. சீதேவிப்பிள்ளை தன் நாடி கழுத்தில் அடிப்பதை உணர்ந்தாள். வழக்கம்போல எண்ணவும் தொடங்கிவிட்டாள்.

"வாங்க. ஒவ்வொருத்தராப் பாருங்க."

தான் வண்ணக்கர் என்பதால் நல்லரத்தினம் முதலில் குனிந்தார். குழாய் அவர் கண்ணில் நிற்காமல் மேசையில் விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை கையால் பிடித்துக்கொண்டு பார்த்தவர், "ஓம்... ஓம், கிடக்கு" என்றார்.

"என்ன கிடக்கு?" உதயரூபன் குழாயைப் பறித்தான்.

முகத்தின் நடுவெல்லாம் தேத்தண்ணீர்ப் பழுப்பு. ஆனால் சுற்றிவர விளிம்பில், வளையம் மூடியிருந்த இடத்தில், நூல் தடிப்பில் ஒரு கறுப்புக் கோடு. எண்பத்தைந்தில் எடுத்த படத்தில் இருந்த அதே கறுப்பு. காப்பைக் கழற்றிய கையில் காப்பு இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் பழைய நிறத்தில் இருக்குமே, அப்படி.

"கடல் தண்ணி போய் மேல் வார்னிஷ் செத்துப் போச்சி" என்றார் முத்தலிப். "அதுக்கு மேல வெயில். இந்தக் காலத்துக் கறுப்புச் சாயம் சிலது வெயில் குடிச்சா இப்பிடித்தான் வரும். எல்லாம் வராது, சிலது வரும். வளையத்துக்குக் கீழ வெயில் போகல்ல, அதான் கறுப்பு மிச்சம். தம்பி, முகத்த மாத்துற கள்ளன் கறுப்ப எடுத்துட்டுப் பழுப்பப் போடுவான், சரி. விளிம்பில நூல் அளவு கறுப்ப உங்களுக்கெண்டு மிச்சம் வெச்சிட்டா போவான்?"

உதயரூபன் குழாயை மேசையில் வைத்தான்.

"வெயிலில மட்டும் வெக்க வேணாம் எண்டு அப்பவே சொல்லியிரிப்பனே அக்கா. எல்லாருக்கும் சொன்னன்."

அப்போதுதான் சீதேவிப்பிள்ளைக்கு நினைவு வந்தது. சொன்னார். அவளும் "ஓம் ஓம்" என்றாள். வீட்டுக்குப் போனபோது, பத்தொன்பது நாளாக வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட மறுத்த மனிதர் கட்டிலில் கிடந்தார். அவள் நேரே போய் ஆணியில் மாட்டினாள். கிழக்கு யன்னல். கடற்பக்கத்துக் காலை வெயில், ஐந்து வருடம்.

"சொன்னீங்க" என்றாள். பிறகு உதயரூபனைப் பார்த்துச் சொன்னாள். "தம்பி, களவெடுக்கல்ல நான். ஆனா கறுப்பப் பழுப்பாக்கினது நான்தான். யன்னல்ல மாட்டினது என்ட பிழை."

"பிழையா?" முத்தலிப் சிரித்தார். "இந்த நிறத்துக்கு வெளிநாட்டில கூட விலையாம். சுனாமிக்கு உதவி செய்ய வந்த ஒரு வெள்ளைக்காரன் என்ட கடையில வந்து, பழுத்த முகம் இரிக்கா, பழுத்த முகம் இரிக்கா எண்டு கேட்டுக்கிட்டு நிண்டான்."

உதயரூபனின் கண் சுருங்கியது. மெல்ல அவள் பக்கம் திரும்பினான்.

"அப்ப... வேணுமெண்டேயா வெயிலில வெச்சீங்க?"

சீதேவிப்பிள்ளை அந்தக் கிழமையில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"ஓம் தம்பி. விலை ஏறட்டும் எண்டு அஞ்சு வருசம் காயப்போட்டன். கருவாடு மாதிரி."

முத்தலிப் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நல்லரத்தினம் முதலில் அடக்கிப் பார்த்தார். முடியாமல் தோள் குலுங்கியது. உதயரூபனின் முகம் சிவந்தது. பிறகு அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நான் கேட்டிருக்கக்கூடா" என்றான்.

"கேட்டது பிழை இல்ல. நானும் கேட்பன். ஆனா நீங்க கேட்டது என்னட்ட மட்டும் இல்ல. வண்ணக்கர்ட வாயால ஊருக்கே கேட்டீங்க. பதிலையும் ஊருக்குச் சொல்லுங்க."

"சொல்லுறன் அக்கா. மெதுவாச் சொல்லுறன், எல்லாருக்கும்."

"மெதுவா இல்ல. நாளைக்குக் குளிர்த்தி. ஊரே நிக்கும். அங்க."

அடுத்த நாள் அம்மன் வாசலில், சனம் கூடி நின்ற இடத்தில், நல்லரத்தினம் கையைத் தட்டி அமைதி கேட்டார். உதயரூபன் இரண்டடி முன்னால் வந்து, அப்பாவின் மணிக்கூடு அப்பாவின் மணிக்கூடுதான் என்றும் சீதேவியக்காவில் ஒரு பிழையும் இல்லை என்றும் சொன்னான்.

"பின்னால நிக்கிறாக்களுக்குக் கேட்கல்ல" என்றாள் சீதேவிப்பிள்ளை.

அவன் மறுபடியும் சொன்னான், உரத்து. குருமண்வெளிக் குடும்பமும் அங்கே நின்றது. அவள் அவர்கள் பக்கம் பார்க்கவில்லை. கேட்டதா என்று மட்டும் கவனித்துக்கொண்டாள்.

நல்லரத்தினம் இடுப்பு மடிப்பிலிருந்து கற்பூரப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். சத்தியத்துக்கென்று அன்றைக்கே வாங்கியது. "எதுக்கும் ஒரு சம்பிரதாயத்துக்கு..." என்று இழுத்தார்.

"தாங்க" என்று அவள் வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். "துணிப்பெட்டியில பூச்சி அரிக்குது."

வீட்டில் கனகசிங்கம் யன்னல் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மகன் கனடாவிலிருந்து கொண்டுவந்த பெரிய சுவர் மணிக்கூடு எதிரே ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவே இல்லை. காலைக் கஞ்சி அப்படியே இருந்தது என்று தக்ஷாயினி சொன்னாள். உதயரூபன் சட்டைப் பையிலிருந்து, முத்தலிப் திரும்பப் பூட்டித் தந்த மணிக்கூட்டை எடுத்தான். கனடாவுக்குக் கொண்டுபோக என்று வைத்திருந்தது. தகப்பனின் இடக்கை படுக்கையிலிருந்து நாலு விரற்கடை உயர்ந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய் ஆணியில் மாட்டினான்.

"வெயில் படுமே அக்கா."

சீதேவிப்பிள்ளை யன்னலருகே போய் மேல்பக்கத்து ஒற்றைக் கதவை மட்டும் பாதி சாத்தினாள். வெயில் மணிக்கூட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. கட்டிலில் கிடந்தவருக்கு முகம் முழுதாகத் தெரிந்தது.

"ரெண்டும் ஏலும்" என்றாள். "அஞ்சு வருசமா எனக்குத்தான் புத்தி வரல்ல."

கட்டில் விளிம்பில் அமர்ந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். நொடி முள் பழுப்பின்மேல் ஒரு சுற்று வந்தது. எழுபத்தாறு. கொப்பியில் எழுதிவிட்டு, ஆறிப்போன கஞ்சியைச் சூடாக்க எழுந்தாள்.